தொண்ணூறைத் தாண்டினால் வரும் நடுக்கம்

என் மருமகனின் பழைய பிக்கப் நடுங்கியதற்குக் காரணம் நான். அது தெரிந்த பிறகும் பல மாதங்கள் வாயைத் திறக்காமல் இருந்தேன்.

கனடாவில், ஸ்காபரோவில், மகள் வீட்டின் நிலக்கீழ்த் தளத்தில், பேஸ்மென்டில் இருக்கிறேன். மருமகன் அதிகம் பேசாதவர். பகல் முழுவதும் கணினிக்கு முன் இருந்துவிட்டு வருகிற அவருக்குத் தனக்கென்று இருந்த ஒரே ஆசை அந்தப் பச்சை பிக்கப். என் மகளைவிட வயது கூடியது. அதை ரோட்டோடு ஒட்டினாற்போலத் தாழ்த்தி ஓட்டவேண்டும் என்று விரும்பினார்.

பின்பக்கத்தைத் தாழ்த்துவதற்கு, தகட்டு வில்லுக்கும் அச்சுக்கும் நடுவில் இரும்புக் கட்டைகள் வைப்பார்கள். கட்டையின் ஒரு நுனி தடிப்பு, மற்றது மெல்லியது. கியர்பெட்டியிலிருந்து பின் அச்சுக்கு ஒரு நீண்ட தண்டு சுழன்றுகொண்டு போகிறது. கியர்பெட்டியின் வால் எவ்வளவு கீழே சாய்ந்திருக்கிறதோ, தண்டு வந்து பொருந்தும் அச்சின் மூக்கு அவ்வளவு மேலே பார்க்கவேண்டும். இல்லாவிட்டால் வேகம் கூடும்போது தண்டு உதறும். மூக்கு எங்கே பார்ப்பது என்பது கட்டையின் எந்த நுனி முன்னால் இருக்கிறது என்பதில் தங்கியிருக்கிறது.

மருமகன் வேலையைக் கடையில் கொடுக்கத்தான் நினைத்தார்.

"எஞ்சினியர் ஒருத்தன் வீட்டுக்குள்ள இருக்கேக்க கடைக்கு ஏன் தம்பி?" என்றேன்.

ஊரில் இயந்திரப் பொறியியல் படித்தவன் நான். இங்கே வந்து ஓய்வு பெறும்வரை தொழிற்சாலையில் அட்டைப்பெட்டி மடித்தேன். ஒருமுறையாவது யாராவது என்னை எஞ்சினியராகப் பார்க்கவேண்டும் என்ற பசி உள்ளே கிடந்தது. கராஜில் வண்டியை உயர்த்தி, கீழே படுத்து, நானே கட்டைகளைப் பூட்டினேன். கோணம் அளக்கவில்லை. கண்ணுக்கே தெரியும் என்று நினைத்தேன். முன்னால் வரவேண்டிய தடித்த நுனியைப் பின்னால் வைத்துவிட்டேன்.

எண்பது கிலோமீற்றர் வேகம்வரைக்கும் வண்டி பூப்போல ஓடியது. 401 நெடுஞ்சாலையில் ஏறித் தொண்ணூறைத் தாண்டியதும் தரையிலிருந்து நடுக்கம் கிளம்பியது. கண்ணாடியில் பின்னால் வந்த லொறி இரண்டாகத் தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் மருமகன் கேட்டார். "மாமா, அந்தக் கட்டையள் சரியாத்தானே இருக்கு?"

"ஏன், நான் படிச்சதில சந்தேகமோ?"

"சீச்சீ, அப்பிடி இல்லை மாமா."

எங்கள் ஆட்களில் மருமகன் மாமனாரை ஒரே விஷயத்தை இரண்டாம் முறை கேட்பதில்லை. அவரும் கேட்கவில்லை. டயர்களை மாற்றினார். தண்டைக் கழற்றிக்கொண்டுபோய்ச் சமன்செய்து வந்தார். மூட்டுகளை மாற்றினார். ஒவ்வொரு தடவையும் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, "இன்னும் ஆடுது மாமா" என்பார். "பழைய வண்டி, அப்பிடித்தான் இருக்கும்" என்பேன்.

ஒருநாள் வீட்டில் யாரும் இல்லாதபோது, காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் சிறிய கோணமானியுடன் வண்டிக்குக் கீழே போனேன். முதலில் கியர்பெட்டியில் ஒட்டிப் பார்த்தேன். பிறகு அச்சில். அச்சின் மூக்கு நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. முகத்துக்கு மேலே வண்டியின் அடிப்பக்கம், முதுகுக்குக் கீழே குளிர்ந்த கொங்கிரீட். எழும்ப மனம் வராமல் அப்படியே கிடந்தேன். மேலே கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அவசரமாக ஊர்ந்து வெளியே வந்தேன்.

பிறகு தேடினால் கோணமானியைக் காணவில்லை. வண்டிக்குக் கீழேயும் போய்ப் பார்த்தேன். யாரிடமும் கேட்கவும் முடியவில்லை. அதை வைத்து என்ன செய்தீர்கள் என்று திருப்பிக் கேட்டால் நான் என்ன சொல்வது?

பனி கரைந்த காலத்தில் ஒரு நாள், வண்டியை விற்கப்போவதாக மருமகன் சொன்னார். பிக்கரிங்கில் ஒருவர் வாங்க இருக்கிறார், கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு ரயிலில் திரும்பலாம் என்றார். "மாமாவும் வாங்கோ. கடைசி ஓட்டம்."

மறுக்க ஒரு காரணமும் கிடைக்கவில்லை. முன்னால் ஒரே நீள இருக்கை. அவர் ஓட்ட, மகள் கதவோரம் இருக்க, நடுவில் நான். கியர்த் தடி என் முழங்கால்களுக்கு இடையில்.

"அப்பா, காலை ஒடுக்குங்கோ. அவர் கியர் போடவேணும்."

"இதுக்கு மேல ஒடுக்கினா என்னைப் பெட்டி மாதிரி மடிச்சுத்தான் வைக்கவேணும்."

401 இல் நெரிசல். வண்டி ஊர்ந்துகொண்டிருந்தவரை ஒன்றும் இல்லை. பிறகு நெரிசல் விட்டது. நடுக்கம் உள்ளங்காலில் தொடங்கி முழங்காலுக்கு ஏறியது.

"எல்லாச் சாமானும் மாத்தியாச்சு, இந்தக் கிழடு அடங்குதில்லையே!" என்றாள் மகள். வண்டியைத்தான் சொன்னாள்.

"தம்பி," என்றேன். "கட்டையளை நான்தான் மாறிப் பூட்டிப்போட்டன்."

அவர் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தெரியும் மாமா."

"தெரியுமோ?" மகள் என்னைத் தாண்டிக் குனிந்து அவரைப் பார்த்தாள். "எப்ப இருந்து?"

"குளிருக்கு முந்தி. மாமான்ர கோணம் பார்க்கிற மீற்றர் அச்சில ஒட்டினபடி கிடந்தது. எடுத்து வச்சிருக்கிறன்."

"திருப்பிப் பூட்ட எவ்வளவு நேரம் எடுக்கும்?"

"ஒரு பின்னேரம் காணும்."

"ஆர் யு சீரியஸ்? அப்ப ஏன் பூட்டேல்லை?"

"பூட்டினா ஆட்டம் நிண்டிடும். நிண்டா, நான் கண்டுபிடிச்சிட்டன் எண்டு மாமாவுக்கு விளங்கிடும். அவரே சொல்லட்டும் எண்டு பார்த்துக்கொண்டிருந்தன்."

"ரெண்டு பேருக்கும் விசர்," என்றாள் மகள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள்.

இரண்டு தோள்களுக்கு நடுவில் இறுகிக் கிடந்தேன். இறங்க இடமில்லை, திரும்பி உட்காரவும் வழியில்லை. கியர்த் தடி முழங்காலில் அதிர்ந்துகொண்டே இருந்தது.

"அடுத்த எக்ஸிட்ல திருப்பும் தம்பி. வீட்டை போய்ச் சரிசெய்வம். விக்கவேண்டாம்."

"வாறன் எண்டு அந்த ஆளுக்குச் சொல்லிப்போட்டன் மாமா." கொஞ்சத் தூரம் ஓட்டினார். "எனக்கும் இப்ப ஆசை இல்லை. ஒவ்வொரு முறையும் ஏறேக்க உங்கட முகம்தான் ஞாபகம் வரும். அப்பிடியே விட்டுப் போச்சு."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் எதையாவது சொல்லியிருப்பேன்.

பிக்கரிங்கில் வாங்குபவர் வீட்டு வாசலில் நாயுடன் நின்றார். மருமகன் ஆங்கிலத்தில் மறைக்காமல் சொன்னார்: தொண்ணூறுக்கு மேல் நடுங்கும், பின்பக்கக் கட்டைகள் மாறியிருக்கின்றன, தான் பூட்டும்போது விட்ட பிழை என்று.

"அவரில்லை," என்றேன். "நான் பூட்டினது."

வாங்குபவர் என்னைப் பார்த்தார். குனிந்து கீழே எட்டிப் பார்த்தார். "இவ்வளவுதானா?" என்று சிரித்துவிட்டு, கதவின் அடியில் துரு இருக்கிறதா என்று கேட்கத் தொடங்கினார்.

ரயிலில் மருமகன் ஜக்கெட் பையிலிருந்து கோணமானியை எடுத்துத் தந்தார். எண்ணெய் துடைத்து வைத்திருந்தார். வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

முன்பெல்லாம் சனிக்கிழமை என்றால் அவர் கராஜில்தான் இருப்பார். இப்போது என் தலைக்கு மேலே அவர் அங்குமிங்கும் நடப்பது கேட்கிறது. இடைக்கிடை படியின் மேல்நுனியில் வந்து நிற்கிறார்.

"மாமா, தேத்தண்ணி போடட்டோ?"

"ஓம் தம்பி," என்கிறேன்.