கிழக்கு பார்த்த வாடகை முற்றம்

இந்த நாட்டுச் சனங்களின் ஒரு பழக்கம் எனக்கு நெடுநாளாகப் பிடிபடவில்லை. வசதியான வீட்டில் இருப்பார்கள். மார்கழியில் இங்கே கோடை வந்ததும் அதைப் பூட்டிவிட்டு, கடலோரத்தில் அதைவிட மோசமான வீடொன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அதற்குப் பெயர் 'பாட்ச்'. தகரக் கூரை, ஒன்றோடொன்று பொருந்தாத கோப்பைகள், ஒருவர் குளித்தால் அடுத்தவருக்குச் சுடுதண்ணீர் இல்லை. ஒரு கிழமை அதற்குள் நெருக்கியடித்துக் கிடந்துவிட்டு, தோல் சிவக்கத் திரும்பி வந்து, அருமையாக இருந்தது என்பார்கள். நல்ல வீட்டைப் பூட்டிவிட்டு மோசமான வீட்டில் நெருக்கியடித்துக் கிடப்பதை நாங்களும் ஊரில் பல தடவை செய்திருக்கிறோம். அதற்கு விடுமுறை என்றும் ஒரு பெயர் உண்டென்பது ஓக்லண்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு மார்கழியில் நானும் பத்திரிகை விளம்பரத்தைப் பார்த்து ஒரு பாட்சுக்குத் தொலைபேசி எடுத்தேன். எடுத்த பெண் தன்னைப் 'பெவ்' என்று கூப்பிடச் சொன்னார். வீடு அவருடையது, பக்கத்து வளவில்தான் அவர் குடியிருந்தார். கடல் எவ்வளவு தூரம், எத்தனை கட்டில் என்று நான் கேட்கவில்லை. விடியும்போது முன்பக்கத்தில் வெயில் விழுமா என்று கேட்டேன். அவர் சற்றுத் தயங்கி, விழும்தான், ஆனால் திரைச்சீலைகள் நல்ல தடிப்பு, கவலைப்பட வேண்டாம் என்றார். கிட்டடியில் மாடுகள் உண்டா என்று அடுத்த கேள்வி. ரோட்டுக்கு அந்தப் பக்கம் மாட்டுப்பட்டி ஒன்று இருக்கிறது, ஆனால் காற்று மற்றப் பக்கம்தான் அடிக்கும், மணக்காது என்று அவசரமாகச் சொன்னார். எனக்கு வேண்டியவையெல்லாம் அங்கே இருந்தன. அந்த மனிசி அவற்றையெல்லாம் குறையென்று நினைத்து எனக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார். தைப் பொங்கல் வருகிற கிழமைக்கு அந்த வீட்டைப் பேசி முடித்தேன். ஊரெல்லாம் கடலுக்காகப் பாட்ச் எடுத்தது. நாங்கள் முற்றத்துக்காக எடுத்தோம்.

ஓக்லண்டின் கிளென்ஃபீல்டில் நாங்கள் இருந்தது மாடி ஃபிளாட். முற்றம் கிடையாது. வந்த நாள் முதல் சூரியனுக்கான பொங்கலைச் சூரியன் எட்டிப் பாராத குசினிக்குள், மின்சார அடுப்பில் வைத்தோம். முந்திய வருடம் பால் பொங்கி அடுப்பில் ஊற்றி, புகை கிளம்பி, கூரையிலிருந்த புகைமணி கத்தத் தொடங்கியது. நான் 'பொங்கலோ பொங்கல்' என்று சொல்ல, என் மனைவி வசந்தி கதிரையில் ஏறி நின்று துவாயால் புகைமணிக்கு விசிறினாள். வீட்டுக்காரர் மேலே வந்து, இனிமேல் இப்படிச் சமைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். மரியாதையாகத்தான் சொன்னார். மரியாதையாகச் சொன்னால் வலிக்காது என்று யார் சொன்னது?

ஆனால் இந்த முறை விசயம் வேறு. அந்த ஐப்பசி மழைக்குள், ஆமி வருகிறதென்று யாழ்ப்பாணமே எழும்பி நடந்திருந்தது. வசந்தியின் தாயும் தகப்பனும் அந்தச் சனத்துக்குள் போனவர்கள். அதற்குப் பிறகு சேதி இல்லை. சாவகச்சேரியில் கண்டதாக ஒருவர் சொன்னார். வன்னிக்குக் கடந்துவிட்டார்கள் என்று இன்னொருவர். யாரையும் நம்ப முடியவில்லை, நம்பாமல் இருக்கவும் முடியவில்லை. ஒருநாள் சாப்பாட்டு மேசையில் வசந்தி கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னாள்: "அங்கை எங்கட முத்தத்திலை இந்த முறை பானை ஏறாது. நானெண்டாலும் ஒரு முத்தத்திலை வைச்சுப் பொங்கவேணும். பால் வெளியிலை வழியவேணும். இல்லாட்டி அவையள் இல்லையெண்டு நானே ஒத்துக்கொண்ட மாதிரி." அது ஆசையல்ல, உத்தரவு.

அவள் அப்படித்தான் இருப்பாள் என்று எனக்குத் தெரியும். நாங்கள் கலியாணம் செய்த பிறகு வந்த முதல் பொங்கலன்று வானத்தில் ஆமியின் ஹெலி சுற்றியது. எல்லோரும் பங்கருக்குள் இறங்கினோம். வசந்தியின் தகப்பன், என் மாமா மட்டும் அடுப்பைவிட்டு அசையவில்லை. புகை மேலே தெரியும், வாருங்கள் என்று நான் கெஞ்சினேன். "பொங்கினாப் பிறகு வாறன்" என்றார். பால் பொங்கி வழிந்தது. மூன்று தரம் கை நிறைய அரிசி போட்டார். அதன் பிறகுதான், சந்தைக்குப் போகிறவர்போல ஆறுதலாக நடந்து வந்து பங்கருக்குள் இறங்கினார். மனிசனுக்கு விசர் என்று அன்று நினைத்தேன். இப்போது அப்படி நினைப்பதில்லை.

பாட்ச் இருந்தது கோரமண்டல் பக்கம். நம்முடைய சோழமண்டலக் கரையின் பெயர்தான் வெள்ளைக்காரன் வாயில் கோரமண்டலாகி, கப்பலேறி இங்கே வந்து குடியிருக்கிறது என்று எங்கள் மகள் ஆரணிக்குக் காரில் விளக்கினேன். விசா இல்லாமல் வந்த முதல் ஆள் அந்தப் பெயர்தான் என்றேன். எட்டு வயதுக்காரி சிரிக்கவில்லை. அவள் பின்சீற்றில் கிடந்த சாமான்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்: பானை, மூன்று செங்கல், நான் வேலை செய்யும் பென்ரோஸ் கிடங்கில் உடைந்த பலகைகளிலிருந்து பொறுக்கிய விறகு. "அப்பா, ஆர் வீ அலவ்ட்?" என்றாள். இந்த நாட்டில் வளரும் பிள்ளைகள் எதற்கும் முதலில் கேட்பது அதைத்தான். நாங்கள் வளர்ந்த இடத்தில் அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் ஒரு பொங்கலும் பொங்கியிருக்காது.

பொங்கலுக்கு முதல் நாள் பின்னேரம் வாளியோடு மாட்டுப்பட்டிக்குப் போய்ச் சாணம் அள்ளி வந்தேன். பெவ் வேலிக்கு மேலால் பார்த்து, ரோசாச் செடிக்கென்றால் காய்ந்ததுதான் நல்லது என்றார். ரோசாவுக்கு இல்லை, நிலத்துக்கு என்றேன். முகம் சற்று மாறியது. அறுபது தாண்டிய ஆங்கிலப் பண்பு, வாயை மூடிக்கொண்டது. ஆனால் முற்றத்துச் சீமெந்தில் நான் செங்கல்லை வைத்து விறகை அடுக்கியதும் வேலியைச் சுற்றி வந்துவிட்டார். கோடை முடியும்வரை வெளியில் நெருப்பு மூட்டத் தடையாம். வரும் வழியில் அறிவிப்புப் பலகையைப் பார்க்கவில்லையா என்று கேட்டு, வீட்டுக்குப் பின்னால் இருந்த மலையைக் காட்டினார். புல் வைக்கோலாய்க் கிடந்தது. அவர் சொன்னது நியாயம்தான். நியாயமாக இருந்ததுதான் எனக்கு இன்னும் கோபம்.

வசந்தி அசையாமல் நிற்பதைப் பார்த்துவிட்டு, பெவ் தன் கொட்டிலுக்குள் போய்ச் சில்லு வைத்த காஸ் பார்பிக்யூ ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தார். இதற்குத் தடையில்லை, எடுங்கள் என்றார். மூடியைத் திறந்தேன். போன கிழமை வாட்டிய மாட்டிறைச்சியின் கொழுப்பு கம்பிகளில் உறைந்திருந்தது. பொங்கல் நாளில் மீன்கூடத் தொடாத வசந்தி அதைக் குனிந்து பார்த்தாள். வேண்டாம், உள்ளே அடுப்பில் வைப்போம் என்றேன்.

"குசினிக்கை நான் போகமாட்டன்" என்றாள் வசந்தி. "நெருப்புக்குத் தீட்டு இல்லை. இரும்புக்குத்தான். அதைக் கழுவலாம்."

கழுவினோம். கம்பிகளைக் கழற்றிச் சுடுதண்ணீரில் ஊறவைத்து, சாம்பல் கிடைக்காததால் கடற்கரை மணலால் தேய்த்து, கடைசியாக மஞ்சள் தண்ணீர் ஊற்றினோம். ஆரணியும் தேய்த்தாள். இதற்குத் தடையில்லை என்று தெரிந்ததில் அவளுக்குப் பெரிய நிம்மதி.

விடியப் போகும்போது சீமெந்தைச் சாணத்தால் மெழுகிக் கோலம் போட்டோம். கோலத்தின் நடுவில் அந்தச் சில்லு வைத்த இரும்புப் பெட்டி நின்றது. பார்க்கச் சிரிப்பாகத்தான் இருந்தது, ஆனால் யாரும் சிரிக்கவில்லை. பானையில் பால் ஊற்றி ஏற்றினோம். கடல் காற்று நெருப்பை அடித்தது. நான் ஒரு பக்கம் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடலின் விளிம்பு சிவந்தபோது பாலின் விளிம்பும் நுரைக்கத் தொடங்கியது. அந்த நேரம் பார்த்து, இரவு உடுப்புக்கு மேல் கம்பளிச் சட்டையோடு, கையில் தேத்தண்ணிக் கோப்பையோடு பெவ் வந்து சேர்ந்தார்.

சூரியன் தலை காட்டியது. பால் எழும்பியது. உலகத்தில் எந்த நல்ல மனிசியும் செய்வதைத்தான் பெவ் செய்தார். கோப்பையை நிலத்தில் வைத்துவிட்டுப் பாய்ந்து காஸ் திருகில் கை வைத்தார். வசந்தி அந்தக் கையை மணிக்கட்டில் பிடித்தாள். இந்த நாட்டுக்கு வந்த பிறகு அவள் ஒரு வெள்ளைக்காரரை முந்திக்கொண்டு பேசியதுகூட இல்லை.

"இட்ஸ் கோயிங் டு ஸ்பில், லவ்" என்றார் பெவ்.

"யெஸ்" என்றாள் வசந்தி. "இட் மஸ்ட்."

இருவரும் கையை எடுக்காமல் அப்படியே நின்றார்கள். பால் கழுத்தைத் தாண்டி, இஞ்சியும் மஞ்சளும் கட்டிய இடத்தை நனைத்து, கிழக்குப் பக்கமாக வழிந்தது. நெருப்பில் விழுந்து சீறி அதை அணைத்தே விட்டது. "பொங்கலோ பொங்கல்" என்று நான் கத்தினேன். புகைமணி எதுவும் கத்தவில்லை. வசந்தி பெவ்வின் கையை விட்டுவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். பெவ் திருகை மூடி, சற்றுப் பொறுத்து மறுபடி பற்றவைத்துக் கொடுத்தார். அரிசி அதற்குப் பிறகுதான் பானைக்குள் போனது.

படைத்து முடிந்து பெவ்வுக்கும் கொடுத்தோம். நல்ல ரைஸ் புடிங் என்றார். இது ரைஸ் புடிங் இல்லை, பொங்கல் என்றேன். தலையாட்டினார். திரும்பவும் ரைஸ் புடிங் என்றார். திரும்பவும் பொங்கல் என்றேன். கோப்பை காலியாகும்போது பொங்கல் என்று சொல்லியிருந்தார். சின்ன விசயம்தான். சின்ன விசயத்தில் விட்டுக்கொடுத்து விட்டுக்கொடுத்துத்தான் பெரியதெல்லாம் போகிறது.

அம்மம்மாவும் இப்போது பொங்குவாவா என்று ஆரணி கேட்டாள். அங்கே இன்னும் முதல் நாள் இரவு, விடியவில்லை என்றேன். எந்த மரத்தடியில், எந்தப் பள்ளிக்கூட விறாந்தையில் அவர்கள் படுத்திருந்தாலும், இந்தச் சூரியன் எங்கள் பொங்கலைப் பார்த்துவிட்டுத்தான் அங்கே போக வேண்டும். வசந்தி அதைக் கேட்டுக்கொண்டு, சூரியன் கூரைக்கு மேலே ஏறும்வரை முற்றத்திலேயே நின்றாள்.

கிழமை முடிந்து சாவியைக் கொடுக்கப் போனபோது, அடுத்த வருடமும் இதே கிழமையா என்று பெவ் கேட்டார். நான் வாயைத் திறக்க முதல் வசந்தி, இல்லை, அடுத்த வருடம் எங்களுடைய சொந்த முற்றத்தில் என்றாள். பெவ்வுக்குச் சந்தோசம். எங்கே என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. யாழ்ப்பாணத்தில் ஆள் இல்லாமல் கிடக்கிற அந்த முற்றமா, ஓக்லண்டில் இன்னும் நாங்கள் கண்ணால் காணாத ஒரு முற்றமா? வசந்திக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அவள் தயங்கவில்லை.

"இட் ஃபேசஸ் ஈஸ்ட்" என்றாள்.

அப்படியென்றால் நல்ல தடித்த திரைச்சீலை வேண்டும் என்றார் பெவ், அக்கறையாக.

"நோ கர்ட்டன்ஸ்" என்றாள் வசந்தி.