திறக்காத புத்தகத்தின் பக்க எண்

பாலக்காட்டுக் கல்லூரியில் நான் பி.ஏ.வுக்கு முந்தின எஃப்.ஏ. படித்த காலத்தில், நூலகத்தில் புத்தகம் படிப்பவனை முட்டாள் என்போம். கண்ணாடி அலமாரியின் சாவி குமாஸ்தாவின் இடுப்பில் தொங்கும். கெஞ்சி வாங்குவதற்குள் மணி அடித்துவிடும். ஆனால் புத்தகப் பட்டியல் மேசைமேல் திறந்தே கிடக்கும். கட்டுரை எழுதுகிறவன் அதிலிருந்து நான்கு தலைப்புகளைப் பொறுக்கி அடிக்குறிப்பாகப் போட்டுவிடுவான். பக்க எண் அவரவர் கற்பனை. ஐம்பதுக்குக் கீழே போனால் முன்னுரையோடு நிறுத்திவிட்டான் என்பார்கள். முந்நூறைத் தாண்டினால் புத்தகத்தில் அத்தனை பக்கம் இருக்குமோ என்னவோ. நூற்றுச் சொச்சம் உத்தமம். இதை நாங்கள் ஆராய்ச்சி என்று சொல்லிக்கொண்டோம். தேர்ச்சியும் கொடுத்தார்கள்.

இந்த ஈனக் கலையில் என்னை மிஞ்ச ஆளில்லை.

இரண்டாம் வருடம் மாவட்டத்து வாணிபத்தைப் பற்றி ஒரு கட்டுரைப் போட்டி வைத்தார்கள். முதலாவதாக வருகிறவனுக்குச் சென்னையில் பி.ஏ. படிக்கும் செலவு கிடைக்கும். எனக்கு அது தேவையே இல்லை. என் தகப்பனார் வக்கீல். என் வகுப்பில் மீனாட்சிபுரத்திலிருந்து, மாடு வளர்க்கும் குடும்பத்துப் பையன் ஒருவன் இருந்தான். அது கிடைக்காவிட்டால் அவன் படிப்பு அத்துடன் சரி. அவன் சாவியை வாங்கிப் புத்தகங்களை உண்மையாகவே படித்தான். அவற்றில் இல்லாததைத் தேடி, ஊருக்குப் போகும்போதெல்லாம் கோவிந்தாபுரத்து வண்டிக்காரர்களிடம் கேட்டு எழுதி வந்தான்.

ஆடி மாதத்து எதிர்க்காற்று வண்டியைத் தூக்கிவிடாதபடி, கணவாய் வழியாக மேற்கே வரும் வண்டிகள் கூண்டுப் பாயைக் கழற்றிச் சுருட்டிக் கட்டிவிட்டு, பாரத்தை நுகத்தடிப் பக்கம் தள்ளி ஏற்றும் என்று ஒரு கிழவர் சொல்லியிருக்கிறார். இவன் அந்தக் கிழவரின் பெயர், ஊர், கேட்ட நாள் மூன்றையும் அடிக்குறிப்பில் எழுதியிருந்தான். ஆங்கிலத்தைத் திருத்தித் தரும்படி கட்டுரையை என்னிடம் கொடுத்தான்.

"வண்டிக்காரனை அடிக்குறிப்புல போடறயேடா. அவனுக்குப் பக்க எண் உண்டோ?" என்று சிரித்தேன்.

"அவருதானுங்க சொன்னாரு. வேற யாரைப் போடறதுங்க?" என்றான்.

அந்தச் செய்தியை நான் என் கட்டுரையில் போட்டுக்கொண்டேன். வண்டிக்காரனை ஆதாரம் காட்டுவது என் கௌரவத்துக்குப் பொருந்தாது. பட்டியலில் கண்ட ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் பிரயாண நூலின் பெயரை எழுதி, நூற்றெழுபத்து மூன்றாம் பக்கம் என்று போட்டேன்.

இரண்டு கட்டுரைகளிலும் ஒரே செய்தியைக் கண்ட ஆசிரியர், அவன் அந்த நூலிலிருந்து திருடிவிட்டு, அதை மறைக்க ஒரு வண்டிக்காரனைக் கற்பனை செய்துவிட்டதாக வகுப்பிலேயே சொன்னார். அலமாரி அவர் நாற்காலியிலிருந்து பத்தடி தூரம். எழுந்து போய்ப் பார்க்கவில்லை, அந்த மேதை. பரிசு எனக்கு. நான் வாயைத் திறக்கவில்லை.

மூன்று நாள் கழித்து அவன் நூலக வாசலில் என்னை நிறுத்தினான்.

"நூத்தி எழுபத்தி மூணுல ஒரு குளத்தைப் பத்தித்தானுங்க இருக்குது. புஸ்தகம் பூராவும் பாத்துட்டனுங்க. வண்டிப் பேச்சே இல்லீங்க. வாத்தியார்கிட்ட நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதுங்க."

சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை. அவனே புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனான். வேறு பதிப்பாயிருக்கும் என்று ஆசிரியர் திருப்பி அனுப்பிவிட்டார். அந்த மாதமே அவன் வண்டிப்பெரியார் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்குப் போய்விட்டான்.

நான் பி.ஏ. முடித்து ஆசிரியனாகி, அடிக்குறிப்பில்லாத கட்டுரைகளுக்கு முப்பது வருடம் மதிப்பெண் குறைத்தேன். கல்லூரி மலரில் அச்சான என் கட்டுரையைப் பார்த்து எவனோ ஒரு பண்டிதன் அந்தச் செய்தியைத் தன் பெரிய நூலில் சேர்த்திருப்பதைச் சென்ற வருடம் பார்த்தேன். ஆதாரமாக அதே அதிகாரி, அதே பக்கம். அவனும் திறந்து பார்த்தவனில்லை.

உண்மையை அந்தப் பண்டிதனுக்கு எழுத உட்கார்ந்தேன். யார் சொன்னது என்று எழுத வேண்டுமே. அந்தக் கிழவரின் பெயரை நான் ஒரே ஒரு முறை, சிரித்துக்கொண்டே படித்தேன். எத்தனை யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.