கீறல் விழாத சைக்கிள்

பழைய சைக்கிளில் ஏறியிருந்த கிரீஸ் பிசுக்கை எதைப் போட்டு எடுக்கலாமென்று என் கணவர் பாப்பாரப்பட்டி முழுக்க விசாரித்தார். மண்ணெண்ணெய், பெட்ரோல் எல்லாம் பெயிண்டைக் கெடுத்துவிடுமாம். கடைசியில் பாத்திரம் கழுவும் லிக்விட்தான் பாதுகாப்பு என்று முடிவுசெய்தார். சைக்கிள் பளபளத்தது.

மறுநாள் காலை அவசரமாகத் தட்டைத் தேய்த்துக் களி போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் உருண்டையிலேயே கிரீஸ் நாற்றம். குமட்டி, வாசலுக்கு ஓடி வாந்தியெடுத்தேன். பாத்திர ஸ்பாஞ்சைப் பிழிந்தால் கறுப்பாக வழிந்தது, செயினில் சிக்கியிருந்த முடியோடு.

“ஏங்க, இதுலயா சைக்கிளத் தேச்சீங்க?”

“கம்பி நார்ல தேச்சா பெயிண்ட்ல கீறல் வுழுமே! அதான் மெத்துனு இருக்கறத எடுத்தேன். கழுவித்தான வெச்சேன்?”

சைக்கிளுக்கு எது ஆகாது என்று ஊரையே கேட்ட மனுஷனுக்கு, எனக்கு எது ஆகாது என்று தோன்றவேயில்லை. இன்றும் அவர் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினால், டம்ளரை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடிக்கிறேன்.