எரியாத மாடுலேஷன் விளக்கு

பட்டறையில் அவளுக்குப் பெயர் செக்கிங் அக்கா. வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனைவரை வந்து, திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்க்கிற ரகம். படகுகளின் ரேடார் ரிசீவர்களைச் சோதிப்பது வேலை.

சோதனை ஒன்றும் பிரம்ம வித்தை இல்லை. சிக்னல் ஜெனரேட்டர் ரேடியோ அலையைத் துண்டு துண்டாக விட்டுவிட்டு அனுப்ப வேண்டும். ரேடாருக்கு எதிரொலி வருவது அப்படித்தான். துண்டின் நீளத்தையும் இடைவெளியையும் அமைத்துவிட்டு, கடைசியில் அலையைத் துண்டாக்கும் மாடுலேஷன் பொத்தானை அழுத்தினால் சின்ன விளக்கு எரியும். அழுத்த மறந்தால் அலை திறந்த குழாய்போல விடாமல் கொட்டும். அதை அரைக்குருட்டு ரிசீவர்கூடக் கண்டுபிடித்துவிடும்.

போன வருஷம் பக்கத்து மேசைக்காரன் அப்படி மறந்தான். ஊரைக் கூட்டி அவன் மானத்தை வாங்கி, 'விளக்கு' என்று பெயரும் வைத்தது இவள்தான். "என்ன விளக்கு, டீ குடிச்சியா?" என்று கேட்காமல் இவளுக்கு ஒரு நாளும் விடியாது.

ஜெனரேட்டரை ராத்திரியிலும் அணைப்பதில்லை. அணைத்தால் அளவு மாறும். அன்று காலை வந்து பார்த்தபோது, முந்தின மாலை விட்டபடியே இருந்தது. துண்டின் நீளம் சரி. இடைவெளி சரி. விளக்கு எரியவில்லை.

மாலையில் கடைசியாகச் சோதித்து முத்திரை குத்தி அனுப்பியது, அவள் புருஷன் ஓட்டுகிற பயணிகள் படகின் ரிசீவர். ஜன்னலுக்கு வெளியே பனிமூட்டத்தில் எதிர்க் கட்டடமே தெரியவில்லை. அவள் போனை எடுத்தாள்.

"என்னங்க, கிளம்பிட்டீங்களா?"

"கயிறு அவுக்குறாங்க. ஏன், அடுப்பை அணைச்சோமான்னு கேக்கப்போறியா?"

"கிளம்பாதீங்க. ரேடாரை நான் சரியாப் பாக்கல."

"நீயா?"

"நானேதான். பொத்தானை அழுத்த மறந்துட்டேன்."

பக்கத்து மேசையில் 'விளக்கு' தலையை நிமிர்த்தினான்.

படகு நின்றது. பயணிகள் கத்தினார்கள். புருஷனே ரிசீவரைக் கழற்றித் தூக்கிக்கொண்டு வந்தான். முதலாளி அவளை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டு, "ரிசீவர் நல்லா இருந்துச்சுன்னு வை, நாளையிலேர்ந்து நீ வர வேணாம்" என்றார். நன்றாக இருந்தால் வேலை போச்சு. இல்லையென்றால் என்ன போயிருக்கும் என்று அவள் நினைத்துப் பார்க்க விரும்பவில்லை.

ரிசீவரை மாட்டிப் பொத்தானை அழுத்தினாள். விளக்கு எரிந்தது. திரையில், சிக்னல் கிடைத்தால் மேடு எழும்ப வேண்டிய இடத்தில் கோடு படுத்தே கிடந்தது.

"எங்க, ஒண்ணையும் காணோமே?" என்றான் புருஷன்.

"காணோம்."

"அப்ப துறைமுகச் சுவரு?"

"அதுவும் இதுல தெரிஞ்சிருக்காதுங்க."

அவன் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எல்லோரும் பார்க்க அழுதாள். முதலாளி தன் அறைக்குப் போனார்.

'விளக்கு' ஒரு டம்ளரைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். ஒரு வருஷமாகக் காத்திருந்தவன், என்ன பெயர் வைக்கப்போகிறானோ என்று அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"டீ குடிங்கக்கா" என்றான். அவ்வளவுதான். அவளுக்குச் சுருக்கென்றது.