கொத்தாத கொத்துக்கடை

திருகோணமலை இறங்குதுறையில் மூதூருக்குப் போகும் லோஞ்ச் படகு புறப்பட இன்னும் சற்று நேரம்தான் இருக்கிறது. எதிரே ராசிக் நானாவின் கடைப் பலகையில் புதுப் பெயிண்டில் 'ஃபாஸ்ட் ஃபூட்' என்று எழுதியிருக்கிறது. சிறுவயதில் அப்பாவோடு இங்கே கொத்துறொட்டி சாப்பிட வரும்போது பலகையே கிடையாது. றொட்டியைக் கொத்தும் இரண்டு தகடுகளும் கல்லில் மோதும் சத்தம்தான் ஆட்களைக் கூப்பிடும். அப்பாவுக்கென்று நானா ஒரு தனித் தாளமே வைத்திருந்தார்.

இப்போது கண்ணாடி அலுமாரிக்குள் பேப்பரில் சுற்றிய றொட்டிகள் அடுக்கியிருக்கின்றன. ஒன்றை வாங்கிக் கடித்தபடியே சனம் சோதனைச் சாவடி வரிசைக்கு ஓடுகிறது.

"என்ன நானா, அமெரிக்காக்காரன்ர பேரெல்லாம் வச்சிருக்கிறீங்கள்?"

"வெளிநாட்டால வந்த ஒராள் சொன்னவர், தங்கச்சி. முதலே செய்து வச்சு, கேட்ட உடன குடுத்தா அதுக்கு இதுதானாம் பேர். நானும் அதைத்தானே செய்யிறன் எண்டு எழுதிப்போட்டன்."

"அப்ப கொத்து இல்லையா?"

"ஏலாது. ஒருநாள் நான் கொத்தத் தொடங்க, வெடிச்சத்தமெண்டு துறையில நிண்ட சனமெல்லாம் நிலத்தில படுத்திட்டுது. பிள்ளைகள் குழறிச்சுதுகள். அண்டைக்குத் தகட்டைக் கீழ வச்சனான்."

லோஞ்ச் ஊதுகிறது. சுற்றிய றொட்டியை என் கையில் தருகிறார்.

"அப்பான்ர தாளம் ஞாபகமிருக்கா நானா?"

அவர் வாசலை ஒருமுறை பார்த்துக்கொள்கிறார். பிறகு மேசை விளிம்பில் இரண்டு விரல்களால் தட்டுகிறார், எனக்கு மட்டும் கேட்கும்படி.