இவருக்குக் குளிர்ந்த நாள்

எனக்கு வடக்குப் பைத்தியம் பிடிச்சது டோர்வல் விமான நிலையத்தில. விமானங்களுக்குச் சாப்பாடு ஏத்திற வேலையில கனகாலம் நிண்டனான். பாரிஸ், லண்டன் எண்டு போற பெரிய விமானங்களைப் பாத்து எனக்கு ஒரு ஆசையும் வந்ததில்லை. வடதுருவப் பக்கமா வடக்கை போற சின்ன விமானங்கள்தான் மனதை அரிக்கும். கோடை காலத்திலயும் மொத்தச் சப்பாத்தும் முதுகில மூட்டையுமா ஏறுற சனத்தைப் பாத்து, உவையள் அப்பிடி என்னத்தைத்தான் பாக்கப் போகினம், நானும் ஒருக்காப் பாக்கோணும் எண்டு நினைப்பன்.

வேலையை விட்டு ஓய்வெடுத்த வருசம் வீட்டில வாயைத் துறந்து சொன்னன். வழிகாட்டியோட ரப்பர் தோணியில ஆத்தால இறங்கி, இடையில மலையளில நடந்து, கூடாரத்தில படுக்கிற பயணம். பிள்ளையள் ரெண்டும் பிரெஞ்சில சிரிச்சுதுகள். கப்பல்ல போய் வெயில் காயுற வயசில ரப்பர் தோணியோ எண்டு கேட்டுதுகள். இவர் மட்டும் சிரிக்கேல்லை. துறைமுகத்தில ட்ரக் ஓடி ஓடி இடுப்பு நொந்துபோன மனிசன். சோபாவும் ஊர்ச் செய்தியும் இருந்தால் அவருக்குக் காணும். "உமக்கு ஆசையெண்டால் போவம்" எண்டார். அவ்வளவுதான், திரும்பிச் செய்தி பாக்கத் துடங்கிட்டார்.

சின்ன விமானம் எங்களை ஒரு கல்லுத் திட்டியில இறக்கிப்போட்டுப் பறந்துது. அதின்ரை சத்தம் ஓய்ஞ்ச பிறகுதான் எனக்கு விளங்கினது, மருந்துக்கும் அங்கை ஒரு மரமில்லை எண்டு. சூரியன் மறையவும் இல்லை. எங்களோட கியூபெக் நகரத்தில இருந்து வந்த ஓய்வெடுத்த வாத்தியாரும் மனிசியும். வழிகாட்டி ஒரு பிரெஞ்சுப் பிள்ளை, எங்கடை மூத்தவளின்ரை வயசிருக்கும். மூக்கு வெயிலில உரிஞ்சிருந்தது. ஆனால் துடுப்பைப் பிடிச்சாளெண்டால் அந்தத் தோணி அவள் சொன்ன சொல்லுக் கேக்கும்.

எவ்வளவு நல்ல நாளுகள் அதுகள்! காலமை ஆறு, பின்னேரம் மலை. மலையில கால் வைச்சால் பாசி மெத்தை மாதிரி அமிழும். வெள்ளைப் பஞ்சுப் பூக்கள் காத்துக்கு ஒரு பக்கமாச் சாஞ்சு நிக்கும். நிலத்தோட படர்ந்த சின்னப் பழங்களைப் பிடுங்கித் திண்டு நாக்கெல்லாம் கறுத்துது. நுளம்புதான் கோதாரி, வாயைத் துறந்தால் உள்ளுக்குப் போகும். இப்பவும் பார்க் எக்ஸ்டென்ஷன் வீட்டில பாத்திரம் கழுவிக்கொண்டு நிக்கேக்கை, சம்பந்தா சம்பந்தமில்லாமல் அந்த ஈரப் பாசியின்ரை மணம் வரும். அப்பிடியே குழாயைத் துறந்தபடி விட்டிட்டு நிப்பன். திரும்பிப் போகேலுமெண்டால் இண்டைக்கே போவன்.

முதல் நாள் சாப்பாட்டில ஒரு பகிடி நடந்தது. வழிகாட்டிப் பிள்ளை பெரிய சட்டியில சமைச்சுப் போட்டு, இன்னும் வேணுமோ எண்டு இவரைக் கேட்டாள். இவர் சிரிச்சுக்கொண்டு "நோ, மெர்சி", வேண்டாம் நன்றி எண்டார். அவள் சட்டியைத் தூக்கி வாத்தியாருக்குக் கொட்டிப்போட்டாள். எங்கடை சனம் தேத்தண்ணிக்கே முதல் ரெண்டு தரம் வேண்டாமெண்டு சொல்லி, மூண்டாந்தரம் "சரி, அரைக் கப்" எண்டு வாங்கிற ஆக்களல்லோ. கூடாரத்துக்குள்ள படுத்துக்கொண்டு இவர் மெல்லச் சொன்னார், "ஒருக்காத்தானப்பா கேட்டவள்!" நான் வயிறு நோகச் சிரிச்சன். "இவையள் ஒருக்காத்தான் கேப்பினம். வேணுமெண்டால் வேணுமெண்டு சொல்லுங்கோ" எண்டன். தலையை ஆட்டினார். ஆனால் இந்த மனிசன்ரை உடம்பில ஊறினது உடன போகுமே?

பேந்தொரு நாள் காலமை மழைத் தூறலும் காத்துமா இருந்தது. தோணியில ஏற முதல் எல்லாரும் தண்ணி உள்ளுக்குப் போகாத ரப்பர் உடுப்பைப் போடோணும். ஆம்பிளையளின்ரை உடுப்பில ஒண்டுக்குப் போறதுக்கு எண்டு முன்பக்கம் கீழ ஒரு சிப் இருக்கு. அது ஒரு விரலளவு துறந்து கிடந்தாலும் தண்ணி உள்ளுக்கு இறங்கும். அதால பிள்ளை ஒவ்வொருத்தராக் குனிஞ்சு பாத்துத்தான் ஏத்துவாள். இவர் பாறைக்குப் பின்னால ஒண்டுக்குப் போட்டு வந்து நிண்டவர், அவள் கிட்ட வர ரெண்டு கையாலயும் முன்பக்கத்தைப் பொத்திக்கொண்டு பின்னுக்குப் போறார்! "வி, வி, ஓம், எல்லாம் சரி" எண்டு அவசரமா ஒரு சிரிப்பு வேற. மகளின்ரை வயசுப் பிள்ளைக்குக் காற்சட்டைச் சிப்பைக் காட்டிக்கொண்டு நிக்க யாழ்ப்பாணத்து ஆம்பிளைக்கு ஏலுமே? அவளும் பெரிய மனிசர் சொல்லுறார்தானே எண்டு விட்டிட்டாள்.

தண்ணி பாறையளுக்கை துள்ளிப் பாயிற இடத்தில ஒரு அலை எழும்பி எங்களை முழுசா மூடினது. நான் சின்னப் பிள்ளை மாதிரிக் கத்தினன். "ஆருக்கும் குளிருதோ? கரைக்கு விடட்டோ?" எண்டு பிள்ளை கேட்டாள். பின்னுக்கு இருந்து இவரின்ரை குரல், "நோ, மெர்சி." கொஞ்சம் தள்ளிப் போக, ஒரு வளைவில கரிபூ மானுகள் கூட்டங்கூட்டமா ஆத்துக்குள்ள இறங்கி நீந்துதுகள். குட்டியள் தாயளோட ஒட்டிக்கொண்டு, கொம்புகள் தண்ணிக்கு மேல ஒரு காடு நகர்ற மாதிரி. பிள்ளை துடுப்பை நிப்பாட்டித் தோணியை மிதக்க விட்டாள். இன்னும் ரெண்டு தரம் கேட்டாள், குளிரோ எண்டு. ரெண்டு தரமும் அதே "நோ, மெர்சி."

கரைக்கு வந்து எல்லாரும் இறங்கினம். இவர் காலைத் தூக்கி வெளியில வைக்கப் பாத்தார், ஏலேல்லை. கல்லில முழங்கால் அடிபட விழுந்தார். மூடாத சிப்பால ஏறின தண்ணியில உடுப்பின்ரை கால் ரெண்டும் பொம்மிக்கொண்டு நிண்டுது. "இஞ்சாருங்கோ, என்ன செய்யுது?" எண்டு ஓடிப்போய்ப் பிடிச்சன். என்னைப் பாத்து, நாக்குக் குழற, "ட்ரெய்லரைப் பின்னுக்கு எடுக்கோணும்" எண்டார். துறைமுகத்தில ட்ரக்கோட நிக்கிறார் எண்டு நினைப்பு. அவருக்கு ஒரு நடுக்கமும் இல்லை. அதைக் கண்டுதான் பிள்ளையின்ரை முகம் வெளுத்துது. உடம்பு நடுங்கிறதை விட்டால், சூடு காக்கிறதையும் விட்டிட்டுது எண்டாள்.

கூடாரம் அடிக்க முந்தியே அவளும் வாத்தியாரும் சேர்ந்து இவரின்ரை ஈர உடுப்பெல்லாத்தையும் உரிஞ்சாச்சு. சிப்பைப் பொத்தின மனிசன் பிறந்த மேனியாக் கிடந்தார், வெக்கப்படக்கூடத் தெரியேல்லை. போத்தலுகளில சுடுதண்ணி நிரப்பி, கால்மேசுக்குள்ள போட்டு, கக்கத்திலயும் நெஞ்சிலயும் வைச்சினம். பிள்ளை என்னைப் பாத்து, "நீங்களும் உடுப்பைக் கழட்டிப்போட்டு அந்தப் படுக்கிற பைக்குள்ள போய்க் கட்டிப்பிடியுங்கோ" எண்டாள். வெளியில நிண்டு சற்றலைட் ஃபோனில கதைச்சவள் திரும்பி வந்து, முகில் இறங்கிக் கிடக்குது, விமானம் வராது, நாங்கள்தான் பாக்கோணும் எண்டாள்.

மீனைத் தொட்ட மாதிரிக் கிடந்தது அந்த உடம்பு. நான் கும்பிடவும் செய்தன், ஏசவும் செய்தன். "பிள்ளையாரே, உந்த மனிசனை எனக்குத் தா. ஐயோ, உந்த ஆறும் வேண்டாம், மலையும் வேண்டாம். நித்திரை கொள்ளாதேங்கோ! கண்ணை முழியுங்கோ, விசர் மனிசன்!" வாத்தியாரின்ரை மனிசி கூடாரத்துக்கு வெளியில இருந்து அழுதது கேட்டுது.

எவ்வளவு நேரம் போச்சோ தெரியாது. முதல்ல தாடை நடுங்கினது. பேந்து பல்லு அடிக்கத் துடங்கி, முழு உடம்பும் தூக்கித் தூக்கிப் போட்டுது. எட்டிப் பாத்த பிள்ளை, "நல்லது, நல்லது, நடுங்கட்டும்" எண்டு சொல்லி அவளும் கண்ணைத் துடைச்சாள். சீனி போட்ட சுடுதண்ணியைக் கரண்டியால பருக்கினம். கொஞ்சங் கொஞ்சமா இவரின்ரை கண்ணுக்கு என்னைத் தெரிஞ்சுது.

அதுவரைக்கும் அடக்கி வைச்சதெல்லாம் அப்பதான் எனக்கு வெடிச்சுது. "அவள் எத்தினை தரம் கேட்டவள்? குளிருது எண்டு ஒரு சொல்லுச் சொன்னால் வாயில இருந்து முத்துக் கொட்டிப்போடுமோ?"

"சொன்னால் உடன கரைக்கு விட்டிருப்பாள்" எண்டார், பல்லு அடிக்க அடிக்க.

"விட்டால் என்ன?"

"நீர் அந்த மானுகளைப் பாத்துச் சிரிச்சுக்கொண்டிருந்தனீர். கலியாணம் கட்டின நாளில இருந்து நீர் அப்பிடிச் சிரிச்சு நான் கண்டதில்லை. இன்னும் கொஞ்சம் பாப்பமெண்டு இருந்தனான்."

வந்த ஆத்திரத்தில அவரின்ரை நெஞ்சில ஒரு குத்துக் குத்தினன். பேந்து அந்தக் கையை எடுக்க மனம் வரேல்லை. அது அவருக்குச் சூடு ஏறும் வரைக்கும் அங்கையே கிடந்தது, நானும் அழுதுகொண்டு கிடந்தன்.