நான்காம் பாகத்தின் கதாநாயகன் யார்?

தோஹாவில் நான் வேலை பார்க்கும் கம்பெனிக்கு, நாங்கள் குடியிருக்கும் நஜ்மாவிலிருந்து நேர் பஸ் கிடையாது. அதே கம்பெனியின் ஸ்டோர் கீப்பர் தன்னுடைய பழைய ஏழு சீட் வண்டியில் எங்களைக் கூட்டிப்போய்க் கூட்டிவருவார். ராமநாதபுரத்துக்காரர், ஐம்பத்தாறு வயது. முன் சீட்டில் அவருக்குப் பக்கத்தில் சென்னையிலிருந்து வந்த ஒரு இளம் என்ஜினீயர் உட்காருவான். பின்னால் நான். வரைபடங்களுக்கும் கடிதங்களுக்கும் எண் போட்டு ஃபைல் பண்ணுகிற டாகுமெண்ட் கண்ட்ரோலர் வேலை எனக்கு.

சல்வா ரோட்டு நெரிசலில் முக்கால் மணி நேரம் ஒரே வண்டிக்குள் இருந்தாக வேண்டும். அந்த முக்கால் மணி நேரமும் ஒரே பேச்சுதான். மூன்று பாகம் வந்து ஓடிய ஒரு உளவாளிப் படத்தின் நான்காம் பாகத்தில் யார் நடிப்பது, யார் இயக்குவது? தயாரிப்பாளர் வாயைத் திறக்கவில்லை. அதனால் ஊரில் இருப்பவர்கள், வளைகுடாவில் இருப்பவர்கள் எல்லாரும் ஆளுக்கொன்று கிளப்பிக்கொண்டிருந்தார்கள். ஸ்டோர் கீப்பருக்குப் பழைய கதாநாயகனைத் தவிர வேறு யாரும் அந்த உளவாளி வேஷத்தைப் போடக் கூடாது. என்ஜினீயருக்கு முப்பது வயது நடிகன் ஒருவன் வர வேண்டும்.

மூன்று பாகத்தையும் நான் பலமுறை பார்த்திருந்தேன். இரண்டாம் பாகத்தில் எந்த இடத்தில் கதை படுத்துவிட்டது என்று எனக்குத் தெரியும். ஒருநாள் காலையில் நானும் வாய் திறந்தேன்.

"பேசாம ஒரு பெண் டைரக்டர்கிட்ட குடுத்துப் பாக்கலாம்ணே. ஹீரோ யாரா இருந்தாலும் கதை நிக்கும்."

 இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். அவர்கள் சேர்ந்து எதையும் செய்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"தங்கச்சி, உனக்கு வீட்ல சீரியல் ஓடுதுல்ல, அதைப் பாரு. இது அடிதடி படம்" என்றார் ஸ்டோர் கீப்பர்.

"மேடம், ஸ்பை படம்னா டெக்னிக்கலா நிறைய இருக்கு. நான் ஒருநாள் பொறுமையா எக்ஸ்ப்ளெயின் பண்றேன்" என்றான் மற்றவன்.

என்னைவிடப் பதினோரு வயது சின்னவன். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

என் கணவர் கடலுக்குள் எண்ணெய்த் தளத்தில் வேலை பார்ப்பவர். இரண்டு வாரத்துக்கு ஒருமுறைதான் வீடு. அந்த வெள்ளிக்கிழமை காலை காபியோடு உட்கார்ந்து, இணையத்தில் ஆண் பெயரில் ஒரு போலிக் கணக்கைத் தொடங்கினேன். சென்னையில் அந்தத் தயாரிப்பு அலுவலகத்திலேயே வேலை பார்ப்பவன் மாதிரி எழுதினேன். 'பழைய ஹீரோவை நீக்கியாச்சு. வயசாகிவிட்டது, ஓட முடியவில்லை. இளம் நடிகர் உறுதி. டைரக்டரும் மாறுகிறார்.' ஸ்டோர் கீப்பர்தான் பெரிதாகச் சிரித்தவர். அவருக்கு வலிக்க வேண்டும் என்றே ஒவ்வொரு சொல்லையும் பார்த்துப் பார்த்துப் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அது அவர்கள் இருந்த எல்லா வாட்ஸ்அப் குரூப்பிலும் வந்துவிட்டது. என்ஜினீயர் அதை எனக்கே படித்துக் காட்டினான். "இவர் உள்ளேயே இருக்கிறவர் மேடம். இவர் சொன்னா தப்பாது." ஒரு வருஷமாக என் பேச்சைக் காதில் வாங்காதவன், என் வாக்கியத்தை எனக்கே மேற்கோள் காட்டினான். எனக்குக் கிடைத்த சந்தோஷத்தை மறைக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அந்த மாதம் கம்பெனியில் வயதானவர்களை ஊருக்கு அனுப்புவதற்கு லிஸ்ட் தயாராகிக்கொண்டிருந்தது. எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். எழுதும்போது அதை நினைத்தேனா என்று கேட்டால், நினைக்கவில்லை என்றுதான் இன்றும் சொல்லிக்கொள்கிறேன்.

ஜூலை மாத மாலை. வேலை முடிந்து திரும்பிக்கொண்டிருந்தோம். என்ஜினீயர் மறுபடியும் அந்தப் பதிவை எடுத்தான்.

"அண்ணே, ஒத்துக்கோங்க. ஐம்பதைத் தாண்டினா கிளம்பிடணும். சும்மா இடத்தை அடைச்சுக்கிட்டு..."

"யாரைச் சொல்ற?"

"படத்தைத்தான் சொல்றேன்."

"படத்தைச் சொல்லலடா நீ."

வண்டி ஓரம் கட்டியது. பக்கத்தில் கடையோ நிழலோ இல்லை. சிமெண்ட் தடுப்பும் புழுதியும்தான். "எறங்கு கீழ" என்றார். அவன் சிரித்துப் பார்த்தான். அவர் கையை நீட்டி அவன் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டார். "யல்லா, எறங்குய்யா!"

அவன் இறங்கினான். வண்டி கிளம்பியது. கொஞ்ச தூரம் போன பிறகு நான், "அண்ணே, வெயில் கொல்லுது. திரும்பிப் போய் ஏத்திக்கலாம்ணே" என்றேன்.

"நீயும் எறங்குறியா?"

நான் சீட்டில் சாய்ந்துகொண்டேன். அந்த வண்டியில் ஏ.சி. நன்றாக வேலை செய்தது.

அவன் நடந்தே ஒரு பெட்ரோல் பங்க்குக்குப் போய், அங்கே வாந்தியெடுத்து விழுந்திருக்கிறான். இரண்டு நாள் வேலைக்கு வரவில்லை. மூன்றாம் நாள் நேராக எச்.ஆருக்குப் போனான். டாக்ஸி லைசென்ஸ் இல்லாமல் ஆளேற்றுகிறார், நடுரோட்டில் இறக்கிவிட்டார் என்று எழுதிக் கொடுத்தான். அந்தக் கடிதம் எண் போடுவதற்காக என் மேசைக்குத்தான் வந்தது. ஸ்டோர் கீப்பர் அந்த லிஸ்டில் சேர்வதற்கு அந்த ஒரு தாள் போதும்.

அதற்கு எண் போட என்னால் முடியவில்லை. சாப்பாட்டு வேளையில் இருவரையும் கேண்டீனில் ஒரு மூலைக்குக் கூப்பிட்டேன். எதிரெதிரே உட்கார மறுத்து நின்றுகொண்டிருந்தார்கள். போனை எடுத்து அந்தக் கணக்கைத் திறந்து மேசையில் வைத்தேன்.

"இதை எழுதினது நான். எல்லாம் பொய். சார், நீங்க அந்த லெட்டரைத் திருப்பி வாங்கிக்கோங்க. வெயில்ல நின்னதுக்கு நான் மன்னிப்புக் கேட்கிறேன்."

என்ஜினீயர் போனைக் கையில் எடுத்து மேலும் கீழும் தள்ளிப் பார்த்தான். பிறகு ஸ்டோர் கீப்பரிடம் நீட்டினான். அவர் வெகுநேரம் பார்த்தார்.

"பொம்பளை பண்ற வேலையா இது?" என்றார். "எங்க ரெண்டு பேரையும் கோர்த்துவிட்டு, பின்னாடி உக்காந்து வேடிக்கை பாத்துருக்க."

"சிக் மைண்ட், அண்ணே" என்றான் அவன். அண்ணே என்ற சொல்லில் அன்றைக்குப் பழைய நக்கல் இல்லை.

"என்னைப் பார்த்துச் சிரிச்சீங்களே, அது?" என்று கேட்டேன்.  அது அவர்களுக்கு நினைவிலேயே இல்லை என்பது முகத்தில் தெரிந்தது.

அன்று மாலையே கடிதம் திரும்பப் பெறப்பட்டது. மறுநாள் காலை நான் வழக்கமான இடத்தில் நின்றேன். வண்டி வந்தது, முன் சீட்டில் அவன் இருந்தான். நிற்காமல் போனது. அந்தக் குரூப்புகளில் நான் இல்லாததால், ஒரு தோழியின் போனை இரவல் வாங்கிப் பார்த்தபோது எல்லாக் குரூப்பிலும் என் படம். கீழே எழுதியிருந்ததை இங்கே எழுத மாட்டேன். யாருக்கு எந்த நடிகர் பிடிக்கும் என்ற பேதமில்லாமல் எல்லாரும் ஒற்றுமையாகத் திட்டியிருந்தார்கள். விடுமுறைக்கு வந்த கணவரும், "உனக்கு எதுக்கு இந்த வேலை?" என்றுதான் கேட்டார். அவரோடு மூன்று நாள் பேசவில்லை.

பஸ்ஸிலும் நடையிலுமாக ஒன்றரை மணி நேரப் பயணம் பழகிவிட்டது. தயாரிப்பாளர் இன்னும் அறிவிக்கவில்லை. லிஸ்ட் வந்தது, ஸ்டோர் கீப்பர் பெயர் அதில் இல்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது. அதற்காக அவரை மன்னித்துவிட்டேன் என்று இல்லை.

போன வாரம் பாக்ஸ் ஃபைல் கேட்டு ஸ்டோருக்குப் போனேன். அவர் என்னைப் பார்க்காமல், பக்கத்தில் நின்ற நேபாளி உதவியாளரிடம், "மேடம்கிட்ட சொல்லு, மாஃபி" என்றார். அரபியில் 'இல்லை' என்று அர்த்தம். அவருக்குப் பின்னால் அலமாரி நிறைய பாக்ஸ் ஃபைல்கள், பிளாஸ்டிக் உறை கூடப் பிரிக்காமல் இருந்தன. உதவியாளர் தலையைக் குனிந்துகொண்டு, இல்லை என்றார்.

நான் மறுமுறை கேட்கவில்லை. நஜ்மாவில் ஒரு ஸ்டேஷனரி கடையில் நானே ஆறு வாங்கிக்கொண்டேன்.